படிவம் 4இல் எந்தக் கணிதம்? தோட்டத்துப் பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு முழு வழிகாட்டி

மலேசிய இடைநிலைப் பள்ளியில் படிவம் 3 முடியப்போகும் மாதங்களில், அடுத்த வருடம் எந்தெந்தப் பாடம் என்று தேர்ந்தெடுக்க, பிள்ளையின் புத்தகப் பையில் ஒரு தாள் வீட்டுக்கு வரும். மலாயில் அச்சடித்த அட்டவணை, நாலைந்து கட்டம், கீழே பெற்றோர் கையெழுத்துக்கு ஒரு கோடு. பல வீடுகளில் பத்தே நிமிடத்தில் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். அப்பா விடிவதற்குள் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகவேண்டும், அம்மாவுக்கு ஃபேக்டரி பஸ் வந்துவிடும். ஆனால் பிள்ளை படிவம் 5 முடிவில் வரும் எஸ்.பி.எம். தேர்வில் எந்தக் கணிதம் எழுதும், அதற்குப் பிறகு எந்தப் படிப்புக்கு மனுப் போட முடியும் என்பதெல்லாம் அந்தத் தாளில்தான் முடிவாகிறது.

பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டில் பதினைந்து வருடமாக மாலை வேளைகளில் படிவம் 4, 5 பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். சுற்றுவட்டாரத் தோட்டங்களிலிருந்தும் தாமான் குடியிருப்புகளிலிருந்தும் வருகிறார்கள். கூடுதல் கணிதத்தை, ஊரில் ஆட் மேத்ஸ் என்போம், பற்றி வருடா வருடம் ஒரே கேள்விதான்: "அண்ணே, ஆட் மேத்ஸ் எடுக்கலாமா, வேண்டாமா?"

இந்தக் கேள்வி எனக்குச் சாதாரணக் கேள்வி இல்லை. 1996இல், அப்போது படிவம் 3இல் இருந்த பி.எம்.ஆர். தேர்வை எழுதினேன், கணக்கில் ஏ. அடுத்த வருடம் பள்ளி திறந்த அன்று என் பெயர் கலைப் பிரிவு வகுப்பின் பட்டியலில் ஒட்டியிருந்தது. எங்கள் தோட்டத்திலிருந்து போன ஆறு பேரும் அதே வகுப்பு. அப்பா கையெழுத்துப் போட்டுக் கொடுத்த பாரத்தில் கட்டங்கள் காலியாக இருந்தன, பள்ளியே நிரப்பிக்கொண்டது. கூடுதல் கணிதத்தை நான் இருபது வயதுக்கு மேல், பாலிடெக்னிக் ஹாஸ்டலில் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து தனியாகப் படித்தேன். அதனால்தான் சொல்கிறேன், கட்டங்களை நீங்களே நிரப்புங்கள். எப்படி நிரப்புவது என்று கீழே ஒவ்வொரு படியாகச் சொல்கிறேன்.

முதல் படி: இரண்டு கணிதம் என்னென்ன என்று தெரிந்துகொள்ளுங்கள்

எஸ்.பி.எம்.மில் கணிதம் எல்லாருக்கும் கட்டாயம். பாடக் குறியீடு 1449. கூடுதல் கணிதம், அதாவது ஊரில் நாம் ஆட் மேத்ஸ் என்பது, விருப்பப் பாடம். அதன் குறியீடு 3472. முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதை எடுக்க முடியாது. ஆட் மேத்ஸ் எடுக்கும் பிள்ளை இரண்டையும் எழுதும்.

கட்டாயக் கணிதத்தை லேசாக நினைக்கவேண்டாம். படிவம் 4இல் இருபடிச் சமன்பாடு, எண் அடிமானம், கணங்கள், வலையமைப்பு, நிகழ்தகவு, பண நிர்வாகம் எல்லாம் இருக்கின்றன. படிவம் 5இல் மாறல், அணிகள், காப்புறுதி, வரி, உருமாற்றம், கணித மாதிரியமைப்பு. வரிப் பாடம் நடத்தும்போது பிள்ளைகளிடம் அப்பாவின் சம்பளச் சீட்டைக் கொண்டுவரச் சொல்வேன். இ.பி.எஃப். சேமநிதிக்கு 11 விழுக்காடு, சொக்சோ சமூகக் காப்புறுதிக்கு எவ்வளவு என்று கோடு போட்டுப் பார்த்த ஒரு பையன், "சார், அப்பா கையில வாங்குறது இவ்வளவுதானா?" என்று கேட்டான். அதற்குப் பிறகு அவன் வகுப்புக்குத் தவறவே இல்லை.

தேர்வில் கட்டாயக் கணிதத்துக்கு முதல் தாள் 40 கொள்குறிக் கேள்வி, ஒன்றரை மணி நேரம். இரண்டாம் தாள் இரண்டரை மணி நேரம், 100 மார்க். ஆட் மேத்ஸில் கொள்குறியே கிடையாது. முதல் தாள் இரண்டு மணி நேரம், 80 மார்க். இரண்டாம் தாள் இரண்டரை மணி நேரம், 100 மார்க். எல்லாமே செய்முறையோடு எழுதவேண்டியவை. குருட்டாம்போக்கில் ஏ, பி, சி என்று கறுப்பாக்கித் தப்பிக்க வழியில்லை.

ஆட் மேத்ஸ் படிவம் 4: சார்பு, இருபடிச் சார்பு, சமன்பாட்டுத் தொகுதி, அடுக்குக்குறியும் மடக்கையும், தொடர், நேர்கோட்டு விதி, ஆயத்தொலை வடிவியல், வெக்டர், முக்கோணத் தீர்வு, குறியீட்டு எண். படிவம் 5: வட்ட அளவை, வகையிடல், தொகையிடல், வரிசை மாற்றமும் சேர்க்கையும், நிகழ்தகவுப் பரவல், திரிகோணமிதி, நேர்நிரல் திட்டம், நேர்கோட்டு இயக்கம். மொத்தம் பதினெட்டு பாடம். பெயர்களைப் பார்த்துப் பயப்படவேண்டாம். இவற்றில் பெரும்பாலானவை நிற்பது ஒரே ஒரு அஸ்திவாரத்தில்தான். அதைச் சோதிக்கத்தான் மூன்றாம் படி.

இரண்டாம் படி: பிள்ளை போக நினைக்கும் இடத்திலிருந்து பின்னோக்கிப் பாருங்கள்

"டாக்டராகணுமா, ஆட் மேத்ஸ் எடு. எடுக்கலையா, உருப்பட மாட்டே" என்று சாப்பாட்டுக் கடையில் யாராவது சொல்வார்கள். இரண்டுமே சரியில்லை. மருத்துவத்துக்கு எஸ்.பி.எம்.மில் உயிரியல், வேதியியல், இயற்பியலோடு கணிதம் அல்லது கூடுதல் கணிதம் என்றுதான் கேட்கிறார்கள். ஆனால் அதற்கு முந்திய படிக்கட்டு ஒன்று இருக்கிறது. எஸ்.பி.எம்.முக்குப் பிறகு பல்கலைக்கழகத்துக்குத் தயார்செய்யும் மெட்ரிகுலேஷனில் அறிவியல் பிரிவு வழியாகப் போக நினைத்தால் ஆட் மேத்ஸ் இல்லாமல் திண்டாட வேண்டிவரும். கடைசிப் படிப்பு கேட்பது ஒன்று, அதற்குப் போகும் வழி கேட்பது இன்னொன்று. இரண்டையும் பாருங்கள்.

பொறியியல், இயற்பியல், புள்ளியியல், காப்புறுதிக் கணிதம், கணினி அறிவியல் பட்டப்படிப்பு: இவற்றை நினைக்கும் பிள்ளைக்கு ஆட் மேத்ஸ் வேண்டும். படிவம் 6இல் எழுதும் எஸ்.டி.பி.எம். தேர்வில் மேத்ஸ் டி என்ற கணிதப் பாடத்தை எடுக்க நினைத்தாலும் அப்படித்தான். ஆட் மேத்ஸ் படிக்காத பிள்ளை அங்கே முதல் பருவத்திலேயே மூச்சுத் திணறும்.

கணக்கியல், வணிகம், தாதியர் டிப்ளமோ, பாலிடெக்னிக்கின் பல டிப்ளமோக்கள்: இங்கே பொதுவாகக் கேட்பது கட்டாயக் கணிதத்தில் கிரெடிட், அதாவது சி அல்லது அதற்கு மேல். சட்டம், மொழி, ஊடகம் போன்றவற்றுக்கு ஆட் மேத்ஸ் தேவைப்படாது.

நம் பக்கத்திலேயே எத்தனை கதவு இருக்கிறது என்று பிள்ளைக்குக் காட்டுங்கள். ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக் 1969இலிருந்து நடக்கிறது. கோப்பெங்கில் பேராக் மெட்ரிகுலேஷன் கல்லூரி. கம்பாரில் யுடார் பல்கலைக்கழகம். ஸ்ரீ இஸ்கந்தாரில் பெட்ரோனாஸ் பல்கலைக்கழகம். ஒரு சனிக்கிழமை மாலை, பிள்ளையின் ஃபோனிலேயே, அரசாங்கப் பல்கலைக்கழகங்களுக்கு மனுப் போடும் யு.பி.யு. பக்கத்தைத் திறந்து, மனதில் இருக்கும் மூன்று படிப்புகளுக்கு 'ஷாராட் காஸ்' என்று போட்டிருக்கும் சிறப்பு நிபந்தனைகளை வாசியுங்கள். நிபந்தனை வருடத்துக்கு வருடம் மாறலாம், அதனால் நான் சொன்னதைவிட அங்கே எழுதியிருப்பதை நம்புங்கள். மலாய் புரியவில்லை என்றால் பிள்ளையையே வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் அப்போதுதான் மனதில் பதியும்.

பதினைந்து வயதில் என்ன ஆகப்போகிறேன் என்று தெரியாத பிள்ளைகள்தான் அதிகம். அது குற்றமில்லை. எதுவும் முடிவாகவில்லை, அஸ்திவாரம் ஓரளவு இருக்கிறது என்றால் ஆட் மேத்ஸ் எடுக்கச் சொல்வேன். படிவம் 4இல் எடுத்ததைப் பிறகு விடலாம். விட்டதைப் படிவம் 5இல் எடுப்பது நடக்காத காரியம்.

மூன்றாம் படி: அடுப்படி மேசையில் ஏழு கணக்கு

முன்பு படிவம் 3இல் பி.டி.3 என்ற தேர்வு இருந்தது. 2022இல் அதை எடுத்துவிட்டார்கள். இப்போது வீட்டுக்கு வருவது பள்ளி மதிப்பீடும் வருட இறுதித் தேர்வு மார்க்கும்தான். 'டிபி 4', 'டிபி 5' என்று தேர்ச்சி நிலை ரிப்போர்ட்டில் இருக்கும். அந்த எண்ணை வைத்துப் பிள்ளையின் அல்ஜிப்ரா எப்படி என்று கண்டுபிடிக்க முடியாது. புள்ளியியலிலும் வரைபடத்திலும் மார்க் வாங்கி, அல்ஜிப்ராவில் ஓட்டை வைத்திருக்கும் பிள்ளைகளை வருடந்தோறும் பார்க்கிறேன். ஆட் மேத்ஸில் அந்த ஓட்டைதான் ஆளைக் கவிழ்க்கும்.

அதனால் இதைச் செய்யுங்கள். ஒரு வெள்ளைத் தாள், அரை மணி நேரம், கால்குலேட்டர் கூடாது. தெரியாத எண்ணை இங்கே 'ம' என்று எழுதுகிறேன்.

1. (ம + 3)² என்பதை விரித்து எழுது.
2. ம² − 5ம + 6 என்பதைக் காரணிப்படுத்து.
3. 7 − 2(ம − 4) = 5 என்றால் ம எவ்வளவு?
4. ம/2 + ம/3 = 5 என்றால் ம எவ்வளவு?
5. 2⁵ × 2³ ÷ 2⁶ எவ்வளவு?
6. (1, 2), (4, 11) என்ற இரண்டு புள்ளிகளைச் சேர்க்கும் கோட்டின் சரிவு என்ன?
7. இரண்டு தோசையும் ஒரு தே தாரிக்கும் 6.20 வெள்ளி. மூன்று தோசையும் இரண்டு தே தாரிக்கும் 10.20 வெள்ளி. ஒரு தோசை எவ்வளவு, ஒரு தே தாரிக் எவ்வளவு?

விடைகள்: ம² + 6ம + 9, (ம − 2)(ம − 3), 5, 6, 4, 3, தோசை 2.20, தே தாரிக் 1.80.

எல்லாம் படிவம் 1 முதல் 3 வரை படித்த பாடம்தான். விடையைவிட, பிள்ளை எங்கே தப்புச் செய்கிறது என்று பாருங்கள். முதல் கணக்கில் ம² + 9 என்று எழுதினால் நடுவில் இருக்கவேண்டிய 6ம காணாமல் போயிருக்கிறது. மூன்றாவதில் −3 என்று வந்தால் அடைப்புக்குறிக்கு வெளியே நிற்கும் கழித்தல் குறி உள்ளே இருக்கும் கழித்தலோடு சேர்ந்து கூட்டலாவதை மறந்திருக்கிறது. நாலாவதில் 2ஐயும் 3ஐயும் கூட்டி 5 என்று கீழே எழுதினால் பின்னம் இன்னும் பிடிபடவில்லை. இவை மூன்றும் சின்னத் தப்பாகத் தெரியும். ஆனால் ஆட் மேத்ஸில் ஒவ்வொரு பக்கத்திலும் இதுதான் திரும்பத் திரும்ப வரும்.

ஒரு எடுத்துக்காட்டு. படிவம் 5இல் வகையிடல் என்றாலே பிள்ளைகள் நடுங்குகிறார்கள். ம³ − 3ம² என்ற வளைகோடு எங்கே திரும்புகிறது என்று கேட்பார்கள். வகையிட்டால் 3ம² − 6ம. இதைச் சொல்லிக் கொடுக்கப் பத்து நிமிடம் போதும், எல்லாரும் செய்துவிடுவார்கள். அடுத்த வரியில் அதை 3ம(ம − 2) = 0 என்று காரணிப்படுத்தி, ம 0 அல்லது 2 என்று சொல்லவேண்டும். அங்கேதான் பாதி வகுப்பு பேனாவைக் கடிக்கும். காரணிப்படுத்துதல் படிவம் 2, இரண்டாம் பாடம்! கஷ்டம் வகையிடலில் இல்லை, பழைய பாடத்தில்தான்.

ஏழில் ஐந்தோ அதற்கு மேலோ சரி என்றால் தயங்காமல் ஆட் மேத்ஸ் எடுக்கலாம். மூன்று நான்கு என்றால் எடுக்கலாம், ஆனால் பள்ளி விடுமுறையை வீணாக்கக்கூடாது. படிவம் 2 பாடநூலில் காரணிப்படுத்துதல், படிவம் 1இல் நேரியல் சமன்பாடு, படிவம் 3இல் அடுக்குக்குறி, நேர்கோடு, இந்த நாலையும் தினம் பத்துக் கணக்கு வீதம் போடட்டும். ஆறு வாரத்தில் ஆளே மாறிவிடும். நான் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். ஒன்று இரண்டுதான் சரி என்றால் அவசரப்படாதீர்கள். ஒரு மாதம் அதே பாடங்களைப் போட்டுவிட்டு, எண்களை மாற்றி மறுபடி சோதியுங்கள். அப்போதும் ஏறவில்லை என்றால் கட்டாயக் கணிதத்தில் நல்ல கிரெடிட்டைக் குறிவைத்து, கணக்கியல் கோட்பாடோ தொழிற்பாடமோ உள்ள பெக்கேஜை, அதாவது பாடத் தொகுப்பை, பாருங்கள்.

நாலாம் படி: பெக்கேஜ் தாளை வாசியுங்கள்

2020இலிருந்து அறிவியல் பிரிவு, கலைப் பிரிவு என்ற பழைய பிரிவினை இல்லை. அதற்குப் பதில் பாடத் தொகுப்புகள். ஸ்டெம் என்றால் அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம். ஸ்டெம் ஏ என்பதில் இயற்பியல், வேதியியல், உயிரியலோடு ஆட் மேத்ஸ். ஸ்டெம் பி-யில் தூய அறிவியல் பாடம் ஒன்று குறைந்து, கணினி அறிவியல் போல வேறொன்று சேரும். ஸ்டெம் சி-யில் பயன்முறைப் பாடங்களும் தொழிற்பாடங்களும். இவை தவிர மனிதவியல், இலக்கியத் தொகுப்பு. இது தாளில் உள்ள திட்டம். எந்தத் தொகுப்பை எந்தப் பள்ளி திறக்கிறது என்பது ஆசிரியர் எண்ணிக்கையையும் பிள்ளைகள் எண்ணிக்கையையும் பொறுத்தது. சின்ன ஊர்ப் பள்ளியில் எல்லாம் இருக்காது.

கவுன்சலிங் ஆசிரியரை நேரில் போய்ப் பாருங்கள். ஃபோனில் வேண்டாம். இதைக் கேளுங்கள்: ஆட் மேத்ஸ் எந்தெந்தத் தொகுப்பில் இருக்கிறது? மூன்று அறிவியலும் எடுக்காமல் ஆட் மேத்ஸ் மட்டும் எடுக்க முடியுமா, கணக்கியலோடு சேர்த்து எடுக்க முடியுமா? எத்தனை பேர் சேர்ந்தால் வகுப்பு திறப்பீர்கள்? மலாயிலா, டி.எல்.பி. என்ற இருமொழித் திட்ட வகுப்பில் ஆங்கிலத்திலா? கூடுதல் வகுப்பு எந்த நாள், எத்தனை மணிக்கு முடியும்?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். மத்தியானம் வேன் கிளம்பிவிட்டால் தோட்டத்துக்குள் ஒன்பது கிலோமீட்டர் யார் கொண்டுபோய் விடுவது? ஆட் மேத்ஸ் ஆசிரியர் மூன்றரை மணிவரை சொல்லிக் கொடுப்பார், நம் பிள்ளை மட்டும் ஒன்றரைக்கே வேனில் ஏறியிருக்கும். புத்தி இருந்தும் இப்படிப் பின்தங்கிய பிள்ளைகள் எனக்குத் தெரியும். வேன்காரரிடம் முன்கூட்டியே பேசுங்கள். அதே தோட்டத்துப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து எடுத்தால் வாரத்தில் இரண்டு நாள் தாமதமாகக் கிளம்ப அவரும் ஒத்துக்கொள்வார்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். தொகுப்பில் இடம் இல்லை, நேரம் இல்லை என்று தமிழை விட்டுவிடும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விடவேண்டாம். எஸ்.பி.எம். தமிழ்மொழியைக் கால அட்டவணைக்கு வெளியே படித்துத் தேர்வு எழுதுகிற பிள்ளைகள் நிறைய. ஆட் மேத்ஸுக்கும் தமிழுக்கும் சண்டை இல்லை. பள்ளியில் தமிழாசிரியர் இல்லை என்றால் பக்கத்துப் பள்ளியில் வகுப்பு நடக்கிறதா என்று விசாரியுங்கள்.

ஐந்தாம் படி: கணக்கின் மொழியைப் பழகுங்கள்

தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம் 'பெருக்குத் தொகை', 'வகுத்தல்' என்று படித்த பிள்ளை, இடைநிலைப் பள்ளியில் மலாயில் கணக்குப் போடுகிறது. மூன்று வருடத்தில் ஓரளவு பழகியிருக்கும். ஆனால் ஆட் மேத்ஸ் கேள்விகளில் சில சொற்கள் உயிர்நாடி. 'டிபெரி பஹாவா' என்றால் கொடுக்கப்பட்டது இது. 'துஞ்சுக்கான்' என்றால் விடை ஏற்கெனவே தெரியும், அங்கே எப்படி வந்தாய் என்று காட்டு. 'செத்தெருஸ்ஞா' என்றால் மேலே கண்டுபிடித்ததை வைத்துக்கொண்டே அடுத்ததைச் செய்.

இந்தக் கடைசிச் சொல்லால் போகும் மார்க்குக்குக் கணக்கில்லை. முதல் பகுதியில் ம² − 6ம + 11 என்பதை (ம − 3)² + 2 என்று எழுதச் சொல்வார்கள். இரண்டாம் பகுதியில் 'செத்தெருஸ்ஞா', அதன் மிகக் குறைந்த மதிப்பு என்ன என்பார்கள். விடை கண் முன்னால் இருக்கிறது: 2. ஒரு வர்க்கம் பூஜ்யத்துக்குக் கீழே போகாது, அவ்வளவுதான். ஆனால் பிள்ளை அந்தச் சொல்லைத் தாண்டிப் போய், முதலிலிருந்து ஒரு பக்கம் கணக்குப் போடும்.

வினாத்தாள் மலாய், ஆங்கிலம் இரண்டிலும் அச்சாகி வரும். ஒன்றில் புரியாததை மற்றதில் பார்த்துக்கொள்ளலாம். ஒரு சின்ன நோட்டில் மூன்று பத்தி போட்டு, மலாய்ச் சொல், ஆங்கிலச் சொல், தமிழில் அர்த்தம் என்று எழுதி வரச் சொல்லுங்கள். ஐம்பது அறுபது சொல் சேர்ந்தால் போதும்.

ஆறாம் படி: பாரம் கொடுத்த பிறகு

நிரப்பிய பாரத்தை ஃபோனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பள்ளி திறந்த முதல் நாளே பிள்ளையின் பெயர் எந்த வகுப்புப் பட்டியலில் இருக்கிறது என்று பாருங்கள். கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்றால் அந்த வாரத்திலேயே போய்ப் பேசுங்கள். இரண்டு மாதம் கழித்துப் போனால் வகுப்பு நிரம்பிவிட்டது என்பார்கள். படத்தைக் காட்டி அமைதியாகக் கேளுங்கள். பெரும்பாலான ஆசிரியர்கள் உதவத்தான் செய்வார்கள்.

சரி, வகுப்பு தொடங்கியாயிற்று. படிவம் 4 முதல் தேர்வில் ஆட் மேத்ஸ் மார்க் 18, 22 என்று வரும். வீட்டில் சத்தம் போடாதீர்கள். கணக்கில் எப்போதும் 80க்குக் குறையாத பிள்ளைக்கும் இதே கதிதான். முதல் மூன்று மாதம் மார்க்கைவிட நோட்டைப் பாருங்கள். தினம் நாற்பது நிமிடம், ஐந்து கணக்கு. செய்முறை ஒவ்வொரு வரியும் ஒன்றன் கீழ் ஒன்றாக இருக்கிறதா? தப்பான கணக்கை மறுபடி போட்டிருக்கிறதா? நோட்டு நிரம்பிக்கொண்டே போனால் மார்க் பின்னால் வரும். நோட்டு காலியாக இருந்து, டியூஷனுக்கு மட்டும் காசு போய்க்கொண்டிருந்தால் வராது. பள்ளிப் பாடநூல் கடனாகக் கிடைக்கிறது, அதில் உள்ள பயிற்சிகளையே முழுக்கப் போட்டு முடித்த பிள்ளைகளை நான் அதிகம் பார்த்ததில்லை. அதை முடிக்கும் முன் கடையில் பயிற்சி நூல்களை வாங்கிக் குவிக்கவேண்டாம். காசு செலவழிக்க நினைத்தால் நல்ல சயின்டிஃபிக் கால்குலேட்டர் ஒன்று வாங்குங்கள், இரண்டு வருடத்துக்கும் அதுவே போதும்.

படிவம் 4 அரையாண்டு வரை தினமும் நோட்டைத் தொட்டும் பிள்ளை தேறவில்லை, மற்றப் பாடங்களும் சரிகின்றன என்றால் விடுவதைப் பற்றிப் பேசலாம். முதலில் ஆட் மேத்ஸ் ஆசிரியரிடம், அப்புறம் கவுன்சலிங் ஆசிரியரிடம். எந்தத் தேதி வரை மாற்றலாம், அதற்குப் பதில் எந்தப் பாடம், விட்டுப்போன ஆறு மாதப் பாடத்தை யார் பிடித்துக்கொடுப்பார், எஸ்.பி.எம். பதிவில் பாடத்தை எடுத்துவிட்டார்களா, இந்த நாலையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். போன வருடம் என்னிடம் வந்த ஒரு பெண்பிள்ளை இப்படி விட்டுவிட்டுக் கணக்கியலுக்கு மாறினாள். மாறிய பிறகு கட்டாயக் கணிதத்துக்குத் தினம் ஒரு மணி நேரம் கிடைத்தது. படிவம் 2 காரணிப்படுத்துதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தோம். இப்போது செவ்வாய்க்கிழமை தோறும் வந்து, அணிகள் பாடத்தைத் தனக்குக் கீழே உள்ள இரண்டு பிள்ளைகளுக்கு அவளே சொல்லிக் கொடுக்கிறாள்.